பதினான்காம் அறையில் தூங்கியவன் நானே என்பது குறித்து

அனுப்புநர்:
பெ. கருத்தக்கண்ணன், எம்.ஏ.,
தமிழ் விரிவுரையாளர்,
அன்னை மாயக்காள் கலைக் கல்லூரி,
இருப்பு: திருநகர், மதுரை-6.

பெறுநர்:
கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அவர்கள்,
மதுரை மண்டலம், மதுரை.

பொருள்: வேதியியல் விரிவுரையாளர் திரு. அப்துல் வஹீது அவர்களைப் பணிநீக்கம் செய்ய எங்கள் கல்லூரி நிர்வாகம் தங்களிடம் அனுமதி கோரியிருப்பது – அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் சாட்சியம் என்னுடையது – அது பொய் – அதை ஏற்க வேண்டாம் எனக் கோருதல்.

பார்வை: 22.11.1982 திங்கட்கிழமை தங்கள் முன் நடைபெறவுள்ள விசாரணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 16.4.1981 வியாழக்கிழமை முற்பகல், பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு ஆங்கிலத் தேர்வின்போது, எங்கள் கல்லூரியின் பதினான்காம் எண் அறையில், கண்காணிப்பாளர் நாற்காலியில், வாயைத் திறந்தபடி தூங்கியவன் நான். வாய் திறந்திருந்ததை நான் பார்க்கவில்லை. என் மனைவி செல்லக்கிளி உறுதியாகச் சொல்கிறாள். "இருபது வருசமாப் பாக்குறேன், மூடித் தூங்கி நான் பாத்ததில்ல. வேணும்னா அந்த ஆபீசருகிட்ட நான் வந்து சொல்றேன்" என்கிறாள். தேவைப்பட்டால் அவளையும் விசாரித்துக்கொள்ளலாம்.

2. இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதற்குள் ஒருவர் வேலையை இழந்துவிட்டார். ஆகவே மேற்கொண்டு வருவனவற்றைத் தாங்கள் பொறுமையுடன் படிக்க வேண்டும். மேடையில் பேசிப் பழகியவன் என்பதால் சில இடங்களில் எழுத்து என்னை மீறி ஓடலாம். ஒரு வழக்கறிஞரிடம் காட்டினேன். அவர் பாதியை அடித்துக் கொடுத்தார். அடித்ததில் உண்மை கொஞ்சம் இருந்தபடியால் மறுபடி சேர்த்திருக்கிறேன்.

3. நான் எங்கள் வட்டாரத்தில் ஓரளவு அறியப்பட்ட பட்டிமன்றப் பேச்சாளன். கோயில் திருவிழா, பொங்கல் விழா, கடை திறப்பு என எங்கே கூப்பிட்டாலும் போவேன். பெரும்பாலும் மனைவி கட்சியில் பேசுவேன். அதற்குக் கைதட்டல் அதிகம். 21.4.1981 அன்று எனக்கு ஒரு நிகழ்ச்சி இருந்தது. அதே நாளில் தேர்வறைப் பணியும் போட்டிருந்தார்கள். வஹீது சாரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். அவருக்கு 16ஆம் தேதி முறை. "அதுக்கென்ன கண்ணன் சார், நீங்க என் நாளைப் பாருங்க, நான் உங்க நாளைப் பாக்குறேன்" என்றார். அவர் எனக்காக ஒத்துக்கொண்டார் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். மாற்றம் அவருக்குத் தேவைப்படவில்லை.

4. இங்கே எங்கள் கல்லூரியின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கண்காணிப்பாளர் பட்டியல் ஒருமுறை தட்டச்சாகிவிட்டால் அதை மாற்ற முதன்மைக் கண்காணிப்பாளர் விரும்பமாட்டார். மாற்றினால் நான்கு படிகளிலும் மாற்ற வேண்டும். கார்பன் தாள் வேறு தட்டுப்பாடு. ஆகவே பதிலாள் போகிறவர் பட்டியலில் உள்ளவரின் பெயருக்கே சுருக்கொப்பம் இட்டுவிடுவது நடைமுறை. எல்லோரும் செய்வோம். யாரும் சொல்ல மாட்டோம். அன்றும் மாணவர் வருகைத்தாளில் நான் "அ.வ." என்று போட்டேன். தமிழில் போட்டேன். வஹீது சார் ஆங்கிலத்தில் கையெழுத்திட்டு, அடியில் அடிக்கோல் வைத்ததுபோல ஒரு கோடு இழுப்பவர். சம்பளப் பட்டியல் முதல் நூலகப் பதிவேடு வரை அவர் தமிழில் ஒப்பமிட்டு யாரும் பார்த்ததில்லை. அந்தத் தாளை ஒருவர் எடுத்துப் பார்த்திருந்தாலே போதும். விசாரணையில் அதை வரவழைக்கும்படி வஹீது சார் எழுதிக் கேட்டார். "அவசியமில்லை" என்று மறுத்துவிட்டார்கள்.

5. தூங்கியதற்குக் காரணம்: முந்தைய நாள் சோழவந்தான் பக்கம் ஒரு மேடை, ஊர் திரும்பும்போது விடிந்துவிட்டது. காரணம் சொல்வது குற்றத்தைக் குறைப்பதற்காக அல்ல. தூங்கியது பத்து நிமிடம், மிஞ்சினால் கால் மணி. கண்விழித்தபோது மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். முறைகேடு எதையும் நான் காணவில்லை. இது சத்தியம்.

6. நான் அத்துடன் விட்டிருக்கலாம். விடவில்லை. 26.7.1981 அன்று டி. கல்லுப்பட்டியில் "இல்லத்தின் நிம்மதிக்குப் பெரிதும் காரணம் கணவனா மனைவியா" என்ற பட்டிமன்றம். ஆண்களைப் பற்றி ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. என் தூக்கத்தையே எடுத்துக்கொண்டேன். ஆனால் தூங்கியது நான் என்று சொன்னால் மறுநாள் வகுப்பில் பாடம் நடத்த முடியாது. ஆகவே, "எங்க காலேஜ்லயே ஒரு புரொபசர், பேரு வேணாம்" என்று ஆரம்பித்தேன். பட்டிமன்றத்தில் எந்தக் கதையையும் பக்கத்து வீட்டில் நடந்ததாகவே சொல்ல வேண்டும் என்பது தொழில் தர்மம். "ஒரு ஊரில்" என்று தொடங்கினால் கூட்டம் எழுந்து முறுக்கு வாங்கப் போய்விடும்.

அன்று நான் பேசியது ஒலிநாடாவில் இருப்பதால் முக்கியப் பகுதியை அப்படியே தருகிறேன்: "ஐயா பெரியோர்களே, வாத்தியார் குறட்டை விடுறாரு. ஒரு பய எந்திரிச்சான், ஃபேனைக் கூட்டி வச்சான். எதுக்கு? காத்துக்கா? இல்ல, வாத்தியாரு முழிச்சிரக் கூடாதுல்ல! அப்புறம் ஒரே ஒரு பேப்பர், நல்லாப் படிக்கிற பயலோட பேப்பர், பந்தியில சாம்பார் வாளி போற மாதிரி பெஞ்சு பெஞ்சாப் போகுது. கடைசி மணி அடிச்சிருச்சு. ஆளு எந்திரிக்கல. அம்புட்டுப் பயலும் தாளை நம்பர் வரிசையா அடுக்கி, நூலு போட்டுக் கட்டி, அவரு மடியில வச்சிட்டு, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டுச் சத்தமில்லாமப் போயிட்டாய்ங்க! இது கதையில்ல. சத்தியமா நடந்தது. போன ஏப்ரல் மாசம்!"

7. ஏப்ரல் மாதம் என்று நான் சொல்லியிருக்கவே வேண்டாம். அன்றைய விழாவுக்குத் தலைமை எங்கள் கல்லூரிச் செயலாளர் திரு. விருமாண்டி அவர்கள். முன்வரிசையில் இருந்து அவர் சிரித்த சிரிப்பில் துண்டு தோளிலிருந்து நழுவியது. நான் அதைப் பரிசாக எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் அவர் கல்லூரிக்கு வந்து, ஏப்ரல் தேர்வின் கண்காணிப்பாளர் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு எந்த அறை என்று கேட்டிருக்கிறார். "பதினாலு" என்றிருக்கிறார்கள். எந்த ஆசிரியர் என்று கேட்டதற்கு, "கவனிக்கல சார், எழுதிக்கிட்டு இருந்தோம்" என்றிருக்கிறார்கள். அவர்கள் அடுத்த ஆண்டும் எங்களிடமே படிக்க வேண்டியவர்கள். முடிவு ரத்தாகிவிடுமோ என்ற பயம் வேறு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பட்டியலில் பதினான்காம் அறைக்கு நேரே இருந்த பெயர் அப்துல் வஹீது.

8. செயலாளர் அவர்களுக்கும் வஹீது சாருக்கும் முன்பே ஒரு மனத்தாங்கல் உண்டு. செயலாளர் வீட்டுத் திருமணத்தில் ஆசிரியர்கள் பந்தி விசாரிக்க வர வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவு வந்தபோது, ஆசிரியர் சங்கக் கிளைச் செயலாளராக இருந்த வஹீது சார், "எழுத்தில் தாருங்கள், வருகிறோம்" என்று ஒரு கடிதம் கொடுத்தார். எழுத்தில் வரவில்லை. எனவே அவர் போகவில்லை. நான் போனேன். பாயசம் பரிமாறினேன். நன்றாகப் பரிமாறுகிறேன் என்று செயலாளர் பாராட்டினார். இதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் என்னை எடைபோடத் தங்களுக்கு உதவும்.

9. 3.8.1981இல் வஹீது சாருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து, தற்காலிகமாக வேலையை விட்டு நிறுத்தினார்கள். தேர்வறையில் தூங்கியது, காப்பியடிக்க விட்டது, பல்கலைக்கழகத்தின் மாண்பைக் குலைத்தது என மூன்று குற்றங்கள். மூன்றுக்கும் ஆதாரம் என் பேச்சு. விசாரணை அதிகாரியாக வந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், செயலாளரின் சம்பந்தி. வஹீது சார் ஆட்சேபித்தார். ஆட்சேபத்தைப் பதிவு செய்துகொண்டு அந்தச் சம்பந்தியே விசாரித்தார்.

10. 10.10.1981 அன்று நிர்வாகத் தரப்பின் முதல் சாட்சியாக என்னை அழைத்தார்கள். இரண்டாம் சாட்சி என்று ஒருவர் இருக்கவில்லை. சவுண்டு சர்வீஸ்காரர் பதிவு செய்திருந்த ஒலிநாடாவைக் கல்லூரி முதல்வர் அறையில் போட்டார்கள். சாம்பார் வாளி வந்ததும் விசாரணை அதிகாரி சிரித்தார். தட்டச்சர் சிரித்தார். தண்ணீர் கொண்டுவந்த அலுவலக ஊழியர் வாசலில் நின்றே சிரித்தார். வஹீது சாரும் உதட்டோரத்தில் கொஞ்சம் சிரித்தார். ஐயா, ஒருவருடைய பிழைப்பு மேசைமேல் கிடக்கிறது. எனக்கோ அந்தச் சிரிப்பில் உள்ளே குளிர்ந்தது. செருப்பைக் கையில் தூக்கும் இடத்தை இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கலாமே என்று நினைத்தேன். இந்த மனுவில் நான் வெட்கப்பட வேண்டிய இடங்கள் பல உண்டு. இதைப் போல் ஒன்று இல்லை.

11. பிறகு கேள்விகள். பதிவேட்டில் உள்ளபடியே தருகிறேன்.

"நீங்கள் சொன்னது நடந்ததா, கற்பனையா?"
"நடந்தது."
"தூங்கியவர் யார்?"
"பெயர் சொல்ல விரும்பவில்லை."

அப்போது வஹீது சார் எழுந்தார். குறுக்கு விசாரணைக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை. அவரே கேட்டார்: "கண்ணன் சார், அன்னைக்கு என் முறைக்கு நீங்க போனீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

நான் சொன்ன பதில்: "நினைவில்லை."

ஒன்பது நிமிடக் கதையை ஒரு சொல் பிசகாமல் மேடைக்கு மேடை சொல்கிறவனுக்கு நினைவில்லை. அவர் "சரி" என்று உட்கார்ந்துவிட்டார். விசாரணை அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்க போகலாம். நல்லாப் பேசுறீங்க" என்றார்.

12. விசாரணை அறிக்கையின் நகல் வஹீது சாருக்குத் தரப்படவில்லை. தண்டனை குறித்து விளக்கம் கேட்டு இரண்டாம் அறிவிப்பும் தரப்படவில்லை. தங்கள் முன் அனுமதியும் பெறப்படவில்லை. 4.1.1982இல் பணிநீக்க உத்தரவு மட்டும் பதிவுத் தபாலில் போனது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்தார். 1976ஆம் ஆண்டுத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி தங்கள் முன் அனுமதியின்றி நீக்கியது செல்லாது எனக் கடந்த செப்டம்பரில் தீர்ப்பானது. ஆனால் நிர்வாகம் விரும்பினால் அனுமதி கோரித் தங்களிடம் வரலாம் என்றும் அதில் உள்ளது. வந்துவிட்டார்கள்; இதுவரை அவரை வேலையில் சேர்க்கவும் இல்லை. ஆக, ஒன்றேகால் ஆண்டாக அவரை அலைக்கழித்த வழக்கு இப்போது மறுபடி என் ஒற்றைச் சாட்சியத்தின் மேல் வந்து நிற்கிறது. தாங்கள் அதை நம்பினால் அவர் போனார். சட்டம் அவரை ஒருமுறை காப்பாற்றிவிட்டது. என் வாயிலிருந்து காப்பாற்ற அதனாலும் முடியவில்லை.

13. பணிநீக்கம் ஆன வாரத்தில் நான் அவர் வீட்டுக்குப் போனேன். துக்கம் விசாரிப்பதுபோல் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் போனேன். எங்கள் தெருவுக்கு மூன்று தெரு தள்ளி. அவர் மனைவி அமீருன்னிசா, "வாங்கண்ணே, உக்காருங்க" என்று தேநீர் கொடுத்தார். "இவுக பகல்ல தலைய சாய்க்கிற ஆளே இல்லண்ணே. சாஞ்சா தலைவலிக்கும்பாக. யாரு இப்படிக் கெளப்பிவிட்டாகளோ. பெரிய பிள்ளையப் பள்ளிக்கூடத்துல பாத்ததும் 'கொர்ர்'னு சத்தம் குடுக்குறாகளாம். நாலு நாளாப் போக மாட்டேங்குது. அப்படிச் சொன்னவுகளுக்கு அல்லா நல்ல புத்தியக் குடுக்கட்டும்" என்றார். வஹீது சார் என்னைப் பார்க்காமல் சன்னல் பக்கம் பார்த்தார். அப்போதுதான் தெரிந்தது, வீட்டில் அவர் என் பெயரைச் சொல்லவே இல்லை என்று. நான் அந்தப் பிரார்த்தனைக்குத் தலையாட்டினேன். தேநீரை முழுவதும் குடித்தேன்.

14. அதன் பிறகாவது நிறுத்தினேனா என்றால், இல்லை. பணிநீக்கத்துக்குப் பின்னும் அந்தக் கதையை நான்கு மேடைகளில் சொன்னேன். ஊர்க்காரர்களே சீட்டு எழுதி அனுப்புகிறார்கள்: "தூங்குமூஞ்சி வாத்தியார் கதை வேண்டும்." கடைசியாகச் சொன்னது திருமங்கலத்தில், சென்ற மாதம் ஒரு மாலை. வஹீது சார் இப்போது அங்கே ஒரு டுடோரியலில் பாடம் எடுக்கிறார். வீடு திரும்பப் பேருந்துக்கு வந்தவர், கூட்டத்தின் கடைசியில் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டிருக்கிறார். நான் இறங்கி வந்ததும் பக்கத்தில் வந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: "நல்லா மெருகேறியிருக்கு கண்ணன் சார். ஒண்ணே ஒண்ணு. பதினாலாம் நம்பர் ரூம்ல ஃபேனே கிடையாது. அதை எடுத்துருங்க. தெரிஞ்சவன் எவனாவது கேட்டுரப் போறான்."

இருவரும் ஒரே பேருந்தில் ஒரே இருக்கையில் திருநகர் வரை வந்தோம்.  கப்பலூர் தாண்டியதும் அவர் மழை இல்லாததைப் பற்றிச் சொன்னார். சாட்சியத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பித்திருப்பேன். பேச்சில் நான் கெட்டிக்காரன்.

15. வீட்டுக்கு வந்து செல்லக்கிளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "இம்புட்டு நாளும் அது வேற யாரோன்னு நெனச்சு நானும்ல சிரிச்சேன்" என்றாள். பிறகு எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவினாள். அன்று முதல் நான் எதைச் சொன்னாலும், "இது நெசமா, மேடையா?" என்று கேட்கிறாள். காய்கறி விலையைச் சொன்னாலும் கேட்கிறாள்.

16. ஆகவே, கீழ்க்கண்டவற்றைத் தங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்:

அ) 10.10.1981 அன்று நான் அளித்த சாட்சியத்தை முழுவதும் நீக்க வேண்டும். "நினைவில்லை" என்ற சொல்லைத் தனியாகவும் ஒருமுறை நீக்கினால் நல்லது.

ஆ) பதினான்காம் அறையின் வருகைத்தாளைக் கல்லூரியிலிருந்து வரவழைத்து, "அ.வ." என்ற ஒப்பத்தை என் கையெழுத்துடன் ஒப்பிட வேண்டும். விசாரணை நாளன்று தங்கள் முன்னிலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக் காட்டுகிறேன்.

இ) திரு. அப்துல் வஹீது அவர்களைப் பணிநீக்கம் செய்ய அனுமதி மறுத்து, அவர் இதே கல்லூரியில் இதே வேதியியல் துறையில் மீண்டும் பாடம் நடத்த வழி செய்ய வேண்டும். அவர் மகளுக்கு இது தெரியும்படி ஏதாவது செய்ய முடியுமா என்று தெரியவில்லை. முடிந்தால் அதுவும்.

ஈ) தேர்வறையில் தூங்கியதற்கும், அடுத்தவர் பெயருக்கு ஒப்பமிட்டதற்கும், விசாரணையில் பொய் சொன்னதற்கும் என்மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். எனக்கு விசாரணை அதிகாரி நியமிக்கப்படும்போது, அவர் யாருக்கும் சம்பந்தியாக இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். அந்த வசதி வஹீது சாருக்குக் கிடைக்கவில்லை.

உ) மாணவர்கள்மீது எந்த நடவடிக்கையும் வேண்டாம். அவர்கள் தவறு ஏதும் செய்யவில்லை.

17. இந்த மனுவைச் செயலாளர் வழியாக அனுப்புவதே முறை என்பதை அறிவேன். அவ்வழியே அனுப்பினால் தங்கள் மேசைக்கு வராது என்பதையும் அறிவேன். எனவே நேரில் கொடுக்கிறேன். 22ஆம் தேதி காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலக வாசலில் இருப்பேன். கூப்பிட்டால் உள்ளே வருவேன். கூப்பிடாவிட்டாலும் மாலைவரை நிற்பேன். வஹீது சார் கேட்ட அந்த ஒரு கேள்வியை யாராவது மறுபடி கேட்டால் போதும். இந்த முறை பதில் தெரியும்.

மதுரை,
12.11.1982

தங்கள் முன் தலைகுனிந்து,
(ஒப்பம்) பெ. கருத்தக்கண்ணன்

இணைப்புகள்:

1. 10.10.1981 விசாரணைப் பதிவின் நகல்.

2. நான் தமிழில் "அ.வ." என்று எழுதிய மாதிரி ஒப்பங்கள், பன்னிரண்டு.

3. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு ஆங்கிலத் தாள், ஏப்ரல் 1981, அறைவாரியான தேர்ச்சி விவரம். முறைகேடு எதுவும் நடக்கவில்லை எனக் காட்டுவதற்காகக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டிருந்தேன். மனுவைத் தட்டச்சு செய்து முடித்த பிறகு இன்று மாலைதான் கைக்குக் கிடைத்தது. கிடைத்தபடியே இணைத்துள்ளேன்.
அறை 13: எழுதியவர் 32, தேறியவர் 11.
அறை 14: எழுதியவர் 32, தேறியவர் 32.
அறை 15: எழுதியவர் 30, தேறியவர் 9.